அங்கன்வாடியும் அயலூர்த் தமிழரும்



பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் பெருஞ்சாலையில் உள்ளது பொம்மசந்திரா. ஆனேக்கல் தாலுகாவைச் சேர்ந்த இவ்வூர் இன்று பெரியதொரு தொழிற்பேட்டை. 2025 ஆகஸ்டு முதல் மெட்ரோ ரயிலும் இங்கு வந்து நிற்கிறது. அத்திப்பள்ளியைத் தாண்டினால் தமிழ்நாடு. ஆகவே நம்மவர் பலர் பிழைப்பை நாடி இங்கே குடியேறியிருப்பதில் வியப்பில்லை.

அண்மையில் ஒருநாள் நண்பகலில், தொழிற்பேட்டையை அடுத்த வாடகைக் குடியிருப்பு ஒன்றுக்கு நாம் சென்றிருந்தோம். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, ஒன்றரை வயதுத் தம்பியை இடுப்பில் தாங்கி வாசலில் நின்றாள். "பள்ளிக்கூடம் இல்லையா, அம்மா?" என்றோம். "நான் போனால் தம்பியை யார் பார்ப்பார்கள்?" என்று நம்மையே திருப்பிக் கேட்டாள். அடுத்த வீட்டு மூதாட்டி, "இந்த ஊர் பால்வாடியில் நம் பிள்ளைகளைச் சேர்க்க மாட்டார்களே, ஐயா" என்றார்.

சுற்றறிக்கைகளில் 'பயனாளி' என்று பல்லாண்டுகளாகத் தமிழாக்கி வருபவர்கள் நாம். அச்சொல்லுக்குரியவர் யாரென்பது அன்றுதான் நமக்கு விளங்கியது.

மூதாட்டியின் எண்ணம் பிழையானது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று, நாடெங்கும் 33 வட்டாரங்களில் சோதனையாகத் தொடங்கியது. கர்நாடகத்தில் அதற்கு முதலிடமாக அமைந்தது மைசூரை அடுத்த தி. நரசிபுரம். ஊட்ட உணவு, முன்பருவக் கல்வி, தடுப்பூசி, உடற்பரிசோதனை, மேல் மருத்துவத்துக்குப் பரிந்துரை, தாய்மாருக்கு நலவாழ்வுக் கல்வி ஆகிய ஆறும் அதன் பணிகள். ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 கலோரியும், கருவுற்ற தாய்க்கும் பாலூட்டும் தாய்க்கும் 600 கலோரியும் கிடைக்குமாறு 2013-இல் உணவு வகுக்கப்பட்டிருந்தது. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இவ்வுணவை உரிமையாக்கியது. கர்நாடக அரசு 2013-இல் தொடங்கிய க்ஷீரபாக்ய திட்டம் குழந்தைகளுக்குப் பாலும், 2017-இல் தொடங்கிய மாத்ருபூர்ண திட்டம் தாய்மாருக்குச் சூடான மதிய உணவும் வழங்க முற்பட்டன.

இவற்றைப் பெறத் தாய்மொழி தடையன்று. பிறந்த ஊரும் தடையன்று. ஊர் மாறுவோரின் பதிவை, 2021-இல் வந்த 'போஷண் டிராக்கர்' வழியே புதிய ஊரின் அங்கன்வாடிக்கு மாற்றிக்கொள்ளலாம். குழந்தைக்கு ஆதார் இல்லையெனினும் தாயின் ஆதார் போதும். நாற்பது குழந்தைகள் இருந்தும் அங்கன்வாடி இல்லாத குடிசைப் பகுதியினர் கோரினால், மூன்று மாதத்துக்குள் அமைத்துத் தர வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13 அன்று ஆணையிட்டது.

ஆயினும், அச்சிறுமியின் கேள்விக்கு இவை முழு விடையாகா. அங்கன்வாடியில் அமர்ந்து கற்பது மூன்று வயது நிரம்பிய பிள்ளைகளே. அதற்குக் குறைந்த வயதினருக்கு உணவுப்பொருள் வீட்டுக்குக் கொடுக்கப்படும். ஆலையில் ஷிப்டு முடியும்வரை அவர்களைக் காப்பார் இல்லை. இக்குறையைப் போக்கவே, அங்கன்வாடியோடு குழந்தைகள் காப்பகத்தையும் இணைக்கும் 'பால்னா' திட்டம் வகுக்கப்பட்டது. ஆலைகள் மிகுந்த இடங்களில்தான் அது முதலில் வேரூன்ற வேண்டும். இல்லையேல் தம்பியின் பசியாற்றும் சுமை தமக்கையின் படிப்பைத் தின்றுவிடும்.

மூளை வளர்ச்சியில் 85 விழுக்காட்டுக்கு மேல் ஆறு வயதுக்குள் நிகழ்ந்துவிடுகிறது என்கிறது 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை. விதைப்புக் காலம் தவறினால் பின்னர் எவ்வளவு நீர் பாய்ச்சினும் பயனில்லை என்பதை உழவர் குடியில் பிறந்த நாம் அறிவோம்.

ஆதலால் நேயர்களே, புதிய ஊரில் வீடு பார்க்கும் அன்றே அங்கன்வாடி எங்கேயென்று கேளுங்கள். தடுப்பூசி அட்டையைக் கையோடு கொண்டு செல்லுங்கள். கன்னடம் தெரியாதெனத் தயங்க வேண்டா. குழந்தை ஆறே மாதத்தில் கற்று வந்து உங்களுக்கும் கற்பிக்கும். காப்பகம் இல்லையெனில், நாலு குடும்பத்தார் கூடி மனு எழுதுங்கள். கேட்பது பிச்சையன்று, உரிமை.