மலையேறும் கொசு



நம்ரூதின் ஆணவத்தை அடக்க ஒரு கொசு போதுமானதாயிருந்தது என்று சிறுவயது முதலே கேட்டு வந்திருக்கிறோம். அச்சிறு படைப்பின் இன்னொரு வரலாற்றை இன்று கூற விரும்புகிறேன். இதில் கொசுவின் மீது குற்றமில்லை. அதைச் சுமந்து சென்றவன் மனிதன்.

பசிபிக் பெருங்கடலின் நடுவே ஹவாய்த் தீவுகள் உள்ளன. உலகில் வேறெங்கும் காணப்படாத, தேன்சிட்டு போன்ற சிறு பறவைகள் 50க்கும் மேற்பட்ட இனங்களாக அங்கே வாழ்ந்தன. கொசு என்பதே அங்கு கிடையாது. 1826ஆம் ஆண்டு வாக்கில் மௌயி தீவின் லஹைனா துறைக்கு வந்த ஒரு கப்பலின் மாலுமிகள், தண்ணீர்ப் பீப்பாய்களின் அடியில் கிடந்த பழைய நீரைக் கரையில் கொட்டியதாகவும், அதிலிருந்த புழுக்களே கொசுக்களாகப் பெருகியதாகவும் கூறுவர். பாத்திரங்களை மூடிவைக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததை எத்தனை பயான்களில் கேட்டிருப்போம்! நம் வீட்டு மொட்டைமாடித் தொட்டிகள் இன்றும் திறந்துதான் கிடக்கின்றன. அது இருக்கட்டும்.

பின்னர் வெளிநாட்டுப் பறவைகளோடு பறவை மலேரியாவும் வந்து சேர்ந்தது. செந்நிற ஈஈவிப் பறவையை நோய்க்கிருமி சுமந்த கொசு ஒருமுறை கடித்தாலே பெரும்பாலும் அது இறந்துவிடுகிறது. தாழ்நிலக் காடுகள் ஓசையற்றுப் போயின. மலைமீது வாழ்ந்தவை மட்டும் பிழைத்தன. காரணம் குளிர். ஏறத்தாழ 13 பாகை செல்சியஸுக்குக் கீழே அக்கிருமி கொசுவின் உடலில் வளர்வதில்லை. குளிரையே ஒரு கோட்டையாக அல்லாஹ் அமைத்து வைத்திருந்தான்.

அந்தக் கோட்டைச் சுவரைத்தான் மனிதர்களாகிய நாம் கரைத்துக்கொண்டிருக்கிறோம். நிலக்கரி, பெட்ரோல் புகையால் பூமி சூடேறுகிறது; கொசு மேலே ஏறுகிறது; பறவை அதற்கும் மேலே ஒதுங்குகிறது. காவாய் தீவின் உச்சியோ 1600 மீட்டரைக்கூட எட்டாது. அதற்கு மேல் பறவை எங்கே போகும்? அத்தீவின் அகிகிகிப் பறவைகள் 2018இல் சுமார் 450 இருந்தன. 2023இல் காட்டில் காணப்பட்டவை ஐந்தே ஐந்து. ஹவாயின் 50க்கும் மேற்பட்ட இனங்களில் இன்று எஞ்சியிருப்பவை 17.

"எங்கோ ஒரு பறவை அழிந்தால் நமக்கென்ன ஹஜ்ரத்?" என்று ஒரு சகோதரர் கேட்டார். பசியால் வயிறு ஒட்டிய ஒட்டகத்தைக் கண்டு, வாயற்ற ஜீவன்கள் விஷயத்தில் இறைவனை அஞ்சுமாறு எச்சரித்த நபியின் உம்மத் நாம். அந்தக் கப்பல்காரனுக்கும் தீய எண்ணம் ஏதுமில்லை. பீப்பாயைக் கழுவினான், அவ்வளவே. பறவைகள் மாண்டது மாண்டதுதான்.

2023ஆம் ஆண்டின் இறுதி முதல் மௌயி மலைக்காடுகளில் ஹெலிகாப்டர்கள் மூலம் கொசுக்களை விடுகிறார்கள். வியப்படைய வேண்டாம், அவை ஆய்வகத்தில் வளர்த்த ஆண் கொசுக்கள். ஆண் கொசு கடிப்பதில்லை. அவற்றின் உடலிலுள்ள வோல்பாக்கியா என்னும் நுண்ணுயிரின் காரணமாக, அவற்றோடு இணையும் காட்டுப் பெண் கொசுவின் முட்டைகள் பொரிப்பதில்லை. அகிகிகியின் முட்டைகளைக் காட்டிலிருந்து எடுத்துப் பொரிக்கவைத்து, குஞ்சுகளைக் கூண்டுகளில் வளர்த்தும் வருகின்றனர். கொசு குறைந்த காடு ஒன்று கிடைத்தால்தான் அவற்றைத் துணிந்து திறந்துவிட முடியும்.