மழைநாள் விளையாட்டு



ஐப்பசியும் கார்த்திகையும் வந்துவிட்டால், நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பிள்ளைகள் கண் விழித்ததும் கேட்கும் முதல் கேள்வி, "இன்று பள்ளிக்கூடம் உண்டா?" என்பதுதான். மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவித்துவிட்டார் என்ற செய்தி வந்ததும் வீடெங்கும் ஆரவாரம் எழுகின்றது. ஆசிரியர்களுக்கும் அந்தச் செய்தி கசப்பதில்லை என்னும் உண்மையை, ஓய்வு பெற்றுவிட்ட நான் இன்று அச்சமின்றிச் சொல்லலாம்.

ஆனால், அதே வீட்டில் அச்செய்தியால் மகிழாத ஒருவர் இருக்கின்றார். அவருக்கு வயது மூன்றோ நான்கோ இருக்கும். நேற்றுவரை அவர் ஓடித் திரிந்த தெரு நீரில் மூழ்கிவிட்டது. வீடு கட்டி விளையாடிய மணல் சேறாகிவிட்டது. அங்கன்வாடியும் மூடிக் கிடக்கின்றது. உங்களுக்கு விடுமுறையாக வந்த மழை, உங்கள் தம்பிக்கோ தங்கைக்கோ சிறையாக வந்து சேர்கின்றது. அந்தச் சிறையின் திறவுகோல் உங்கள் கையில் இருக்கின்றது என்பதைச் சொல்லவே இன்று உங்கள்முன் பேச வந்தேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றி வாழும் குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். பலருக்கு ஒரே அறைதான் வீடு. மழை பெய்கின்றது என்பதற்காகத் தொழிற்சாலையின் முறைவேலை எப்போதும் நின்றுவிடுவதில்லை. தந்தை ஒரு முறைக்கும் தாய் ஒரு முறைக்கும் போய்விட்டால், குழந்தையைக் காக்கும் பொறுப்பு அண்ணன் மீதோ அக்காள் மீதோ விழுகின்றது. சிறிது நேரத்தில் குழந்தை அழுகின்றது; பாத்திரங்களை உருட்டுகின்றது. படிக்க முடியாமல் எரிச்சல் கொண்ட மூத்த பிள்ளை, கைப்பேசியை அதன் கையில் கொடுத்து அமைதியை விலைக்கு வாங்குகின்றது. உங்களைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. நான் செய்த பிழை இதனினும் பெரிது.

ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன், ஆரணியாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் நான் ஐந்தாம் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். நன்றாகப் படிக்கும் சிறுமி ஒருத்தி மழைக்காலத்தில் தன் தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டு வகுப்புக்கு வருவாள். தாய் நடவுக்குப் போய்விடுவதால் வீட்டில் அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அவன் ஒரு தகர டப்பாவைத் தரையில் தட்டுவான். பிறகு சுவரில் தட்டுவான். பிறகு பலகையில் தட்டுவான். கூரையிலிருந்து ஒழுகும் நீரைக் கையில் ஏந்தி ஊற்றிக்கொண்டே இருப்பான். ஒருநாள் பொறுமை இழந்து, "இனி இவனை அழைத்துக்கொண்டு வராதே" என்று சொல்லிவிட்டேன். அவள் தம்பியை அழைத்து வரவில்லை, தானும் வரவில்லை. மழை ஓய்ந்து அவள் திரும்பியபோது பாடங்கள் வெகுதூரம் போயிருந்தன. மறு ஆண்டு அவள் பெயர் எந்த வகுப்பின் வருகைப் பதிவேட்டிலும் இல்லை.

இதில் நான் வெட்கப்பட வேண்டிய செய்தி மற்றொன்றும் உண்டு. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் மரியா மாண்டிசோரி அம்மையாரைப் பற்றிக் கட்டுரை எழுதி நல்ல மதிப்பெண் பெற்றவன் நான். அந்த அம்மையார் 1907-இல் ரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் தம் முதற் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். 1939-இல் நம் சென்னை அடையாற்றுக்கே வந்து, ஏறத்தாழ முந்நூறு பேருக்குப் பயிற்சி அளித்தார். இரண்டாம் உலகப் போரில் இத்தாலி இறங்கியதும், இத்தாலியர் என்பதால் அவர் நடமாட்டத்துக்கு ஆங்கில அரசு தடை விதித்தது. அவருடைய மகன் மாரியோவைச் சிறைமுகாமில் அடைத்து, 1940 ஆகஸ்டில் அன்னையின் எழுபதாவது பிறந்த நாளையொட்டி விடுவித்தது. பின்பு கொடைக்கானலில் தங்கியிருந்த காலத்திலும் அம்மையார் தம் பணியை விடவில்லை. அடைபட்ட இடத்திலும் பணி நடக்கும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

அவர் கற்பித்தது என்ன? குழந்தை பொருள்களைத் தொட்டும் தட்டியும் தூக்கியும் ஊற்றியும் பார்ப்பது குறும்பன்று. அதுவே அதன் படிப்பு என்பதாகும். ஒரே டப்பா தரையில் ஓர் ஒலியும் பலகையில் வேறோர் ஒலியும் தருவதைத் தானே கண்டறிந்த சிறுவன் என் வகுப்பில் இருந்தான். கட்டுரையில் அவனைப் பற்றி எழுதிய நான், நேரில் கண்டபோது அடையாளம் காணவில்லை.

நம் முன்னோரும் இதை ஒருவகையில் உணர்ந்திருந்தனர். உயிர்களை அறிவின் வகையால் பிரித்த தொல்காப்பியர், தொடுவுணர்ச்சியை முதலில் வைத்தார்; சுவை, மணம், காட்சி, கேள்வி, மனம் என்பவை அதன்மேல் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. இக்கால உடலியல் மேலும் இரண்டைச் சொல்கின்றது. உட்செவியில் உள்ள அரைவட்டக் குழல்கள் உடலின் சமநிலையை உணர்த்துகின்றன. தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள நுண்ணுறுப்புகள், கை எங்கே இருக்கின்றது, கால் எங்கே இருக்கின்றது என்பதைக் கண்ணால் பாராமலே அறியச் செய்கின்றன. இவை பழகப் பழகவே தேர்ச்சி பெறும். கைப்பேசி மணலின் படத்தைக் காட்டும். மணலைக் கையில் தாராது. ஓடுகிறவனைக் காட்டும்; குழந்தையை ஓட வைக்காது.

இனி, ஓர் அறைக்குள் என்னென்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

முதலில் கைக்கு விருந்து. ஒரு தாம்பாளத்தில் அரிசியைப் பரப்புங்கள். தெருமணலில் ஆடும் கிச்சுக் கிச்சுத் தாம்பாளத்தை அதில் ஆடலாம். அரிசியை நீளக் கரையாகக் கூட்டி, அதற்குள் ஒரு சிறு குச்சியை ஒளித்து வையுங்கள். குழந்தை தன் இரு கைகளையும் கோத்து, குச்சி இருக்கும் இடத்தைப் பொத்திக் காட்டட்டும். பிறகு அரிசியைப் புடைத்துக் கழுவி உலையில் இடலாம்; ஒரு மணியும் வீணாகாது. ஒரு துணிப்பைக்குள் கரண்டி, தேங்காய் ஓடு, எலுமிச்சம்பழம், சீப்பு ஆகியவற்றைப் போட்டு, பாராமல் தொட்டுப் பெயர் சொல்லச் செய்யுங்கள். இது மாண்டிசோரி பள்ளிகளிலும் உள்ள பயிற்சியே.

அடுத்துக் காதுக்கு விருந்து. ஒரே மாதிரியான ஆறு சிறு டப்பாக்களில் இரண்டில் அரிசி, இரண்டில் உப்பு, இரண்டில் கொண்டைக்கடலை இட்டு இறுக மூடுங்கள். குலுக்கிப் பார்த்து இணை சேர்ப்பது குழந்தையின் வேலை. டப்பா கிடைக்கவில்லையா? மழையே இருக்கின்றது. கண்ணை மூடிக்கொண்டு, தகரக் கூரையில் விழும் துளி எது, வாளியில் விழும் துளி எது, வாழையிலையில் விழும் துளி எது என்று கேட்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது உடலுக்கு விருந்து; பலரும் மறந்துவிடுவது இதுவே. தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு நெளிகோடு வரைந்து, கையில் நீர் நிறைந்த குவளையுடன் சிந்தாமல் அதன்மேல் நடக்கச் சொல்லுங்கள். சிந்தினால் குழந்தையே துணியால் துடைக்கட்டும், துடைப்பதும் ஆட்டந்தான். தலையணைகளை மலையாக அடுக்கி ஏறவும், கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து மறுபக்கம் வரவும், பாயின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தவளையாகத் தாவவும், துணிமூட்டையைத் தள்ளிக்கொண்டு போகவும் ஓர் அறை போதும். ஒன்றிலிருந்து நான்கு வயது வரையுள்ள குழந்தை நாள் முழுவதிலுமாக 180 நிமிடமேனும் உடலை அசைத்தாடவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. இரண்டு வயது வரை திரையே வேண்டாம் என்றும், அதன்பின் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்றும் அது கூறுகின்றது. மழை பெய்வதனால் இக்கணக்கு குறைவதில்லை.

சில எச்சரிக்கைகளையும் மனத்தில் வையுங்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையிடம் புளியங்கொட்டை, கடலை, சோழி போன்றவற்றைத் தனியே கொடுக்கலாகாது, தொண்டையில் சிக்கிவிடும். வாளியில் உள்ள ஒரு சாண் நீரும் சிறு குழந்தைக்கு ஆபத்தே. ஆட்டம் முடிந்தவுடன் கொட்டிவிடுங்கள். ஈரக் கையுடன் மின்பொத்தான் அருகே விடாதீர்கள். தெருவில் தேங்கிய வெள்ளத்தில் எவ்வளவு அழுதாலும் இறக்காதீர்கள்.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது, நம் பகுதியில் பல வீடுகளில் மின்சாரம் நின்றது. கைப்பேசிகளும் ஒவ்வொன்றாக அணைந்தன. அன்று பல்லாங்குழிக்கு மின்சாரம் தேவைப்படவில்லை. ஐந்து வயதுப் பிள்ளை தன் பாட்டியோடு அமர்ந்து ஏழு குழிகளுக்கு எதிரே ஏழு குழிகளில் காய்களை எண்ணி இட்டபோது, எண்ணும் கற்றது, விரலும் பழகிற்று.

ஆண்பிள்ளைகளுக்கு ஒரு சொல். குழந்தையைப் பார்த்துக்கொள்வது அக்காளின் வேலை என்று ஒதுங்காதீர்கள். அந்த எண்ணத்தின் விலையாகத்தான் என் வகுப்பில் ஒரு சிறுமி தன் படிப்பைக் கொடுத்தாள். அரைநாள் நீங்கள் ஆடுங்கள். அரைநாள் அவள் படிக்கட்டும். பக்கத்து அறையில் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த குடும்பத்துக் குழந்தை இருந்தால், அதன் பெற்றோரைக் கேட்டு அதனையும் அழைத்துக்கொள்ளுங்கள். அரிசிக்குள் குச்சியைத் தேட மொழி வேண்டியதில்லை.

அடுத்த முறை மழை விடுமுறை என்ற செய்தி கேட்டதும் மகிழுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால், மகிழ்ந்து முடித்தபின் அறையின் மூலையைப் பாருங்கள். அங்கே ஒரு சிறுவன் டப்பாவைத் தட்டிக்கொண்டிருப்பான். "சும்மா இரு" என்று நான் சொன்ன சொல்லை நீங்கள் சொல்லாதீர்கள். இன்னொரு டப்பாவை எடுத்துக்கொண்டு அவன் அருகில் அமருங்கள்.