ரோஷத்தில் எழுதிய இரண்டு வரி

'வேலை இருக்கிறது, ஆனால் வேலை இல்லை' என்பது இன்றைய கருத்தரங்கின் தலைப்பு. தலைப்பைச் சொன்னதும் அரங்கில் சிலர் சிரித்தீர்கள். சிரிக்காமல் தலையைக் குனிந்துகொண்டவர்களையும் மேடையிலிருந்து பார்த்தேன். இந்த உரை அவர்களுக்கு.

ஆட்குறைப்பு என்றால் செய்தியாகிவிடும். 2014-ஆம் ஆண்டு மலேசியா ஏர்லைன்ஸ் ஏறக்குறைய 6,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது நாடே அதைப் பற்றிப் பேசியது. ஆனால் ஒரு மனிதரின் பொறுப்புகள் ஒவ்வொன்றாகக் கைமாறும்போது யாரும் பேசுவதில்லை. முதலில் ஓ.டி. நிற்கும். பிறகு காலைக் கூட்டத்துக்கு அழைக்க மறந்துவிடுவார்கள். இவர் தயாரித்துவந்த அறிக்கையை, இவர் பழக்கிவிட்ட பையனே தயாரிப்பான். சம்பளம் மட்டும் மாதக் கடைசியில் சரியாக வந்துவிடும். அதனால் வெளியில் சொல்லிப் புலம்பவும் முடியாது. "சம்பளம்தான் வருதே, உனக்கு என்னப்பா குறை?" என்று கேட்பார்கள்.

எங்கள் நிகழ்ச்சிக்கு ஒரு சகோதரி தொலைபேசியில் பேசினார். ஊரையும் பெயரையும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவருடைய கணவர் ஒரு கிடங்கில் 11 ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்தவர். 14 பேர் அவருக்குக் கீழே. கிடங்குச் சாவிக்கொத்து அவர் இடுப்பில்தான் தொங்கும். புதிய கணினி முறை வந்தது. இருப்புக் கணக்கு அலுவலகத்துக்குப் போனது, சாவி இன்னொருவர் கைக்குப் போனது, கடைசியில் இவரைக் கொண்டுபோய் வாசல் பாதுகாவலர் கூண்டுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, லோரிகள் கொண்டுவரும் சீட்டுகளைச் சரிபார்க்கச் சொன்னார்கள். பழைய ஆட்கள் அவரைக் கடந்துபோகும்போது முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டார்களாம்.

மூன்று மாதம் கழித்து அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, "உங்களுக்கும் சங்கடம், எங்களுக்கும் சங்கடம். நீங்களாகவே ராஜினாமா கொடுத்துவிட்டால் நல்ல சான்றிதழ் தருகிறோம்" என்றார்கள். அவருக்கு ரோஷம். அங்கேயே பேனா வாங்கி இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன் என்று எழுதியிருந்தாராம்.

நேயர்களே, அந்த இரண்டு வரி என்ன விலை என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். அவருடைய மாதச் சம்பளத்தை 2,800 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் அவரை முறைப்படி ஆட்குறைப்புச் செய்திருந்தால், 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி 5 ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு 8 வார முன்னறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். 1980-ஆம் ஆண்டு விதிமுறைப்படி ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் வீதம் இழப்பீடு கொடுத்திருக்க வேண்டும். 11 ஆண்டுக்கு 220 நாள் சம்பளம். நாள் சம்பளம் 92 வெள்ளி என்றால் 20,000 வெள்ளிக்குச் சற்று மேல் வரும். இது வேலை முடிந்த 7 நாளுக்குள் கைக்கு வர வேண்டிய பணம். 2 ஆண்டுக்குக் குறைந்தவருக்கு 10 நாள் வீதம், 2 முதல் 5 ஆண்டு வரை 15 நாள் வீதம். மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் சம்பளம் வாங்குவோருக்கு இந்த விதிமுறை பொருந்தாது. அவர்கள் தங்கள் வேலை ஒப்பந்தத்தைத்தான் புரட்டிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. சொக்சோ என்று நாம் சொல்லிப் பழகிய பெர்கேசோ, 2018 ஜனவரி முதல் வேலைக் காப்புறுதித் திட்டத்தை நடத்துகிறது. சம்பளச் சீட்டில் இ.ஐ.எஸ். என்று சில வெள்ளி பிடித்திருப்பார்களே, அதுதான். வேலை போனால் 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். திட்டம் தொடங்கியபோது வகுத்த கணக்கின்படி, போதுமான மாதங்கள் சந்தா கட்டியவருக்கு முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, அடுத்த இரண்டு மாதங்களுக்கு 40, கடைசி இரண்டு மாதங்களுக்கு 30 விழுக்காடு. 2,800 வெள்ளிச் சம்பளக்காரருக்கு ஆறு மாதத்தில் ஏறக்குறைய 7,500 வெள்ளி. ஆனால் தானாக ராஜினாமா செய்தவருக்கு இது கிடையாது. ஒப்பந்தக் காலம் முடிந்து போகிறவருக்கும் கிடையாது. நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி ஒப்பந்தம் போடும் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஆக மொத்தம் 27,000 வெள்ளிக்கு மேல். 8 வார முன்னறிவிப்புச் சம்பளம் தனி. இரண்டு வரி.

நிறுவனம் ஏன் ராஜினாமாவை விரும்புகிறது என்பது இப்போது புரிந்திருக்கும். ஆட்குறைப்பு என்றால் 30 நாளுக்கு முன்பே தொழிலாளர் இலாகாவுக்குப் பாரம் அனுப்ப வேண்டும், பொதுவாகக் கடைசியில் சேர்ந்தவரை முதலில் அனுப்ப வேண்டும், காசும் கொடுக்க வேண்டும். ஒருவரை வாசலில் உட்காரவைத்து அவருடைய ரோஷத்தைத் தூண்டிவிட்டால் இந்தச் செலவு எதுவும் இல்லை. எல்லா முதலாளிகளும் இப்படி என்று நான் சொல்லவரவில்லை. தொழிலை மாற்றியமைக்க முதலாளிக்கு உரிமை உண்டு, நீதிமன்றமும் அதை ஒப்புக்கொள்கிறது. புதிய இயந்திரம் வந்ததற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் மாற்றியமைப்பதற்கும் மனிதரை அவமானப்படுத்தி வெளியேற்றுவதற்கும் வேறுபாடு இருக்கிறது.

அந்த வேறுபாட்டைச் சட்டமும் பார்க்கிறது. முதலாளி 'போ' என்று வாயால் சொல்லாமலேயே, ஒப்பந்தத்தின் ஆணிவேரை அறுப்பதுபோல் நடந்துகொண்டு ஒருவரைப் போகவைத்தால், அதையும் பணிநீக்கமாகவே கருதலாம். நம் நாட்டில் இதற்கு வழிகாட்டியாக இருப்பது வோங் சீ ஹோங் எதிர் கேத்தே நிறுவனம் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்து 1988-ஆம் ஆண்டு சட்ட ஏடுகளில் வெளியான தீர்ப்பு. அந்த வழக்கின் மூலமே ஒருவருடைய பொறுப்புகளைக் குறைத்ததுதான். ஆனால் இதை நம்பி நாளைக் காலையிலேயே வெளியேறிவிடாதீர்கள். முதலாளி நியாயமில்லாமல் நடந்தார் என்பது மட்டும் போதாது, ஒப்பந்தத்தை முறித்தார் என்பதை வேலையாள்தான் நிரூபிக்க வேண்டும். வெளியேறும்போது இன்ன காரணத்துக்காகத்தான் போகிறேன் என்று தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். பல மாதம் பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு கிளம்பினால், மாற்றத்தை ஏற்றுக்கொண்டதாகச் சொல்லிவிடுவார்கள். வெளியேறிய நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் புகார் கொடுக்க வேண்டும். ஆகவே, காலடியை வெளியில் எடுத்துவைக்கும் முன் தொழிற்சங்கத்திடமோ வழக்கறிஞரிடமோ இலாகா அதிகாரியிடமோ கேளுங்கள்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியது எளிய வேலை. பொறுப்பு மாறிய அன்றே மரியாதையான ஒரு கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புங்கள். 'இன்ன தேதியிலிருந்து என்னை இந்த இடத்துக்கு மாற்றியிருக்கிறீர்கள், என் பதவியும் சம்பளமும் பழையபடிதானா, இது எவ்வளவு காலம்' என்று கேளுங்கள். சண்டை வேண்டாம், குத்தல் வேண்டாம். வேலை நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், ஆண்டு மதிப்பீடு எல்லாவற்றின் நகலையும் வீட்டில் வையுங்கள். கையெழுத்துக் கேட்டால், "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுத் தருகிறேன்" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. வி.எஸ்.எஸ். என்ற விருப்பப் பணி விலகல் திட்டத்தில் போகிறீர்கள் என்றால், அந்தப் பெயர் கடிதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வி.எஸ்.எஸ்.ஸில் போனவருக்கு இ.ஐ.எஸ். உண்டு, வெறும் ராஜினாமாவுக்கு இல்லை.

நம்மவர்கள் ஏன் வாய் திறப்பதில்லை என்று பல நாள் யோசித்திருக்கிறேன். தோட்டத்தில் வேலை போனால் லயத்து வீடும் போகும். 1950-களின் இறுதியிலும் 60-களிலும் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது நம் பாட்டன்மார் அதை அனுபவித்தார்கள். துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960-இல் தொடங்கியது அந்த நெருக்கடியில்தான். அது கொடுமையான காலம். ஆனாலும் அன்று போனது ஒரு லயம் முழுவதுக்கும் சேர்த்துப் போனது. யாரும் யாரிடமும் மறைக்க வேண்டியிருக்கவில்லை. இன்று தாமான் வீட்டில், இரும்புக் கதவுக்குப் பின்னால், ஒருவர் தனியாக வேலை இழக்கிறார். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் அசிங்கம் என்று நினைக்கிறார்.

பக்கத்து வீட்டுக்குத் தெரியாவிட்டால் போகட்டும். அந்தச் சகோதரிக்கே மூன்று வாரம் தெரியவில்லை! "அவரு தினமும் சட்டையத் தேய்ச்சுப் போட்டுக்கிட்டு, நான் கட்டிக் கொடுத்த சோத்த எடுத்துக்கிட்டுத்தான் போனாரு" என்றார். கோவில் மண்டபத்திலும், ஒரு தே தாரேக்குடன் ஒட்டுக்கடையிலும் பொழுதைப் போக்கியிருக்கிறார். காடித் தவணை கட்டவில்லை என்று வங்கியிலிருந்து போன் வந்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. "சொல்லியிருந்தா அந்தக் கடிதத்த எழுத விட்டிருக்க மாட்டேனே" என்று அவர் அழுதபோது, அடுத்த கேள்வியைக் கேட்க எனக்கும் சற்று நேரம் பிடித்தது.

கணவன்மார்களே, ஓ.டி. குறைந்த முதல் மாதமே வீட்டில் சொல்லுங்கள். மனைவிமார்களே, சொன்ன அன்றே 'உங்க தம்பி எப்படி முன்னேறிட்டாரு பாருங்க' என்று ஆரம்பிக்காதீர்கள். தவணை கட்ட முடியாமல் போகும் என்று தெரிந்தால், பேங்க் நெகாரா 2006-இல் ஏற்படுத்திய ஏ.கே.பி.கே. அமைப்புக்குப் போங்கள். கடனைத் திருப்பிக் கட்டும் முறையை வங்கிகளோடு பேசி மாற்றியமைக்க உதவுவார்கள். ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. வட்டி முதலைகளிடம் போகும் முன் இங்கே போங்கள்.

கடைசியாக, இன்னும் வேலையில் இருப்பவர்களுக்கு ஒன்று. வேலை குறைந்தால் நேரம் மிஞ்சும். அந்த நேரத்தில் போனை நோண்டிக்கொண்டு வயிறெரிவதைவிடப் பயனுள்ள காரியம் இருக்கிறது. நம்மில் பலருக்கு 15, 20 ஆண்டு அனுபவம் இருக்கும், ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. அந்தக் கிடங்கு அண்ணனுக்கும் அதே நிலைதான். அவருடைய 11 ஆண்டுத் திறமை அந்தக் கம்பெனிக்கு மட்டும்தான் தெரியும். திறன் மேம்பாட்டு இலாகாவில் பி.பி.டி. என்று ஒரு வழி இருக்கிறது. செய்துவந்த வேலைக்கான சான்றுகளைத் தொகுத்துக் கொடுத்து மதிப்பீட்டில் தேறினால், மறுபடி முழுநேர வகுப்புக்குப் போகாமலேயே எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழ் பெறலாம். நீங்கள் செய்த வேலையைக் காட்டும் படங்கள், உங்களிடம் இருக்கும் பயிற்சிச் சான்றுகள், மேலதிகாரியின் உறுதிமொழி போன்றவை அதற்குத் தேவைப்படும். நிறுவனத்தின் ரகசிய ஆவணங்களைத் தொடாமல், அனுமதி கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். வாசல் கதவைத் தாண்டிவிட்டால் அந்த மேலதிகாரியின் கையெழுத்தை வாங்குவது சிரமம்.