வலிக்காத கால்

(ஆதரவாளர் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



சர்க்கரை வியாதி உள்ளவரிடம், "காலில் தொந்தரவு ஏதும் உண்டா?" என்று கேட்டால், "ஒன்றுமில்லை டாக்டர்" என்பார். இந்தப் பதிலைக் கேட்டு நாங்கள் நிம்மதி அடைவதில்லை. நல்ல காலும் வலிக்காது. உணர்விழந்த காலும் வலிக்காது.

இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருந்தால் நரம்புகளும், அவற்றுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நுண்ணிய குழாய்களும் பழுதடைகின்றன. மிக நீளமான நரம்புகள் கால்விரல்களுக்குப் போகிறவை. ஆகவே பாதிப்பு விரல் நுனியில் தொடங்கி, காலுறை போட்டதுபோல மெல்ல மேலேறும். சிலருக்கு எரிச்சல், மதமதப்பு, இரவில் கூடும் குத்தல், பஞ்சின்மேல் நடப்பது போன்ற உணர்வு தோன்றும். ஆனால் பாதிப்பேர் வரை எந்த அறிகுறியும் இராது. செருப்பு கழன்றது தெரியாமல் நடப்பார்கள். முள் ஏறியதைத் தரையில் இரத்தம் கண்ட வீட்டார்தான் சொல்வார்கள். வலி இல்லாததால் அந்தப் புண்ணின் மேலேயே நடப்பார்கள். புண் எலும்பை எட்டிய பிறகு காலையே எடுக்க நேரிடுவதுண்டு.

இந்த உண்மையைத் தெளிவாகக் காட்டியது தொழுநோய்ப் பணி. 1946-இல் வேலூர் மிஷன் மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கை கால்கள் நோயினால் தாமாக அழுகுவதில்லை, வலி உணர்வு இல்லாததால்தான் காயப்பட்டுச் சிதைகின்றன என்று விளக்கினார். 1966-இல் அவர் அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்ணுக்கும் அதே காரணம் இருப்பதை அங்கே கண்டார்கள். 1986-இல் வெளியான கார்வில் ஆய்வில், பாதப் புண் வந்தவர்கள் எவரும் 10 கிராம் நைலான் இழையின் தொடுகையை உணரவில்லை.

"என்ன இயந்திரம் வாங்கித் தரலாம்?" என்று நீங்கள் அன்போடு கேட்பதுண்டு. இந்தச் சோதனைக்கு வேண்டியது அந்த இழைதான். அழுத்தம் 10 கிராமை எட்டும்போது அது வளையும். நோயாளி கண்ணை மூடிக்கொள்ள, பெருவிரலிலும் முன்பாதத்திலும், காய்ப்பு இல்லாத இடமாகப் பார்த்து, இழை வளையும்வரை அழுத்தி எடுக்கிறோம். தொட்டது தெரிந்ததா, எந்தக் காலில் என்று கேட்கிறோம். பிறகு நொடிக்கு 128 முறை அதிரும் இசைக்கவையைப் பெருவிரல் எலும்பின்மேல் வைத்து, அதிர்வு தெரிகிறதா என்று பார்க்கிறோம். குதிகாலுக்கு மேலுள்ள தசைநாரைச் சுத்தியலால் தட்டி, பாதம் அசைகிறதா என்றும் பார்க்கிறோம். சில நிமிடங்கள் போதும். வைட்டமின் பி12 குறைவு போன்ற வேறு காரணங்களையும் விலக்க வேண்டும். மெட்ஃபார்மின் நெடுநாள் சாப்பிடுகிறவர்களுக்கு இது முக்கியம்.

பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவில், நோய் கண்டறிந்த அன்றே இச்சோதனையைச் செய்து, பின் ஆண்டுதோறும் செய்ய வேண்டும். முதல் வகையில் ஐந்து ஆண்டுகள் கழித்துத் தொடங்கலாம்.

வீட்டிலும் ஒரு சோதனை செய்யலாம். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் 2011-இல் வெளியிட்டது இது. கண்ணை மூடச் சொல்லி, இரு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை உங்கள் ஆள்காட்டி விரலால் மெதுவாக ஓரிரு நொடி தொடுங்கள். அழுத்தவோ தேய்க்கவோ வேண்டாம். வலதா, இடதா என்று அவர் சொல்லட்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள்.

இழந்த உணர்வு பெரும்பாலும் திரும்புவதில்லை. ஆனால் காலைக் காப்பாற்ற முடியும். சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். வீட்டுக்குள்ளும் செருப்பில்லாமல் நடக்க வேண்டாம். வெந்நீரின் சூட்டைக் காலால் பார்க்க வேண்டாம். தினமும் இரவில் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் கண்ணால் பாருங்கள். குனிய முடியாத பெரியவர்களுக்கு வீட்டிலுள்ள இளையவர்கள் பார்த்துச் சொல்லட்டும். கால் தானாக முறையிடாது. நாம்தான் அதை விசாரிக்க வேண்டும்.