தண்ணீர்ச் சோதனைப் புரட்டு

(வாணியம்பாடிப் பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச வந்தது உங்கள் வீட்டு வாசற்படியில் நடந்துவருகிற ஒரு புரட்டைப் பற்றியேயாகும். எவ்வளவோ பெரிய விஷயங்களிருக்கத் தண்ணீர்த் தம்ளரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்களே என்று சிலர் நினைக்கலாம். டேனரியிலும், ஆம்பூர் ஷூ கம்பெனிகளிலும், பீடித் தட்டின் முன்னும் உழைத்துச் சேர்த்த பத்தாயிரமும் பதினைந்தாயிரமும் அந்த ஒரு தம்ளர் தண்ணீரைக் காட்டியே பிடுங்கப்படுகிறதென்றால், நமக்கு இதைவிடப் பெரிய விஷயம் வேறு என்ன இருக்கிறதென்று கேட்கிறோம்.

காரியம் எப்படி நடக்கிறதென்றால், ஆண்களும் வேலைக்குப் போகிற பெண்களும் வெளியே போனபின், பகல் பதினொரு மணி சுமாருக்கு இரண்டு வாலிபர்கள் வருகிறார்கள். கழுத்தில் ஒரு அட்டை. தோளில் ஒரு பை. “நகராட்சித் தண்ணீரைப் பரிசோதிக்க வந்திருக்கிறோம், காசு ஒன்றும் வேண்டாம்” என்கிறார்கள். உருது பேசுகிற தெருவில் உருதிலும் தமிழ் பேசுகிற தெருவில் தமிழிலும் சொல்லுகிறார்கள். (ஏமாற்றுகிறவர்களுக்கு ஜாதி மத வித்தியாசம் ஒருபோதும் இருந்ததில்லை!) ஒரு தம்ளரில் உங்கள் குழாய்த் தண்ணீர்; மற்றொன்றில் அவர்கள் பாட்டிலில் கொண்டுவந்த தண்ணீர். கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கருவியை இரண்டிலும் முக்கி, உங்கள் வீட்டுக் கரண்டிலேயே சொருகுகிறார்கள். ஓரிரு நிமிஷத்தில் உங்கள் தண்ணீர் பழுப்பாகிப் பச்சையாகிக் கடைசியில் சாக்கடைபோல் சேறு மிதக்கிறது. அவர்கள் தண்ணீர் அப்படியே தெளிவாக இருக்கிறது. “பாருங்கம்மா, இதைத்தான் குழந்தைக்குக் கொடுக்கிறீர்கள், கிட்னியில் கல் வரும், கேன்சர் வரும்” என்கிறார்கள். தாயானவள் நடுங்கிப்போகிறாள். உடனே பையிலிருந்து ரசீதுப் புத்தகமும் கடன் தவணைக் காகிதமும் வெளியே வருகின்றன. ஆதார் கார்டும் பாங்குப் புத்தகமும் வாங்கிக்கொண்டு, படித்துப் பார்க்காத காகிதத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

குறி சொல்லுகிறவன் என்ன செய்கிறான்? முதலில் தோஷம் இருக்கிறதென்று பயங்காட்டுகிறான். பிறகு பரிகாரத்திற்குப் பணம் கேட்கிறான். இவனும் அதையேதான் செய்கிறான். அவன் கையில் சோழி, இவன் கையில் மின்சாரம் என்பது தவிர வேறு பேதம் நமக்குத் தெரியவில்லை.

தோழர்களே! இப்போது இந்த மேஜையைப் பாருங்கள். ஒரு மோட்டார் சைக்கிள் பேட்டரி, நாலு இரும்பு ஆணி, இரண்டு தம்ளர். (வீட்டுக் கரண்டில் இதைச் செய்து பார்க்கவேண்டாம்; உயிருக்கு ஆபத்து.) ஒரு தம்ளரில் இந்த ஊர்க் குழாய்த் தண்ணீர்; மற்றதில் கடையில் வாங்கிய கேன் தண்ணீர். ஆணிகளைத் தம்ளருக்கு இரண்டாக முக்கி, பேட்டரியோடு இணைத்து, நாம் பேச ஆரம்பிக்கும்போதே வைத்துவிட்டோம். குழாய்த் தண்ணீர் பழுத்துவிட்டது. கேன் தண்ணீர் தெளிவாயிருக்கிறது. இதோ, இப்போது அந்தத் தெளிவான தண்ணீரிலே சமையல் உப்பு ஒரு சிட்டிகை போடுகிறோம். கொஞ்சம் பொறுங்கள். பாருங்கள்! இந்தப் “பரிசுத்தத் தண்ணீரும்” பழுக்க ஆரம்பித்துவிட்டது. (சிரிப்பு, கைதட்டல்)

நாம் விஷமா போட்டோம்? நீங்கள் தினம் குழம்பில் போடுகிற உப்பைத்தானே போட்டோம்? சங்கதி என்னவென்றால், தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் போன்ற தாதுக்கள் கரைந்திருந்தால்தான் மின்சாரம் அதற்குள் நன்றாக ஓடும். ஓடினால் கம்பியிலுள்ள இரும்பு கரைந்து, தண்ணீரோடும் காற்றோடும் சேர்ந்து துருவாகிறது. நீங்கள் பார்த்த சேறு அந்தக் கம்பியின் துருவேயொழிய உங்கள் குழாயிலிருந்து வந்த அழுக்கல்ல. தாதுக்களை எடுத்துவிட்ட தண்ணீரில் மின்சாரம் ஓடாது. அதனால் கம்பி கரையாது. அதனால் நிறமும் மாறாது. நல்ல இளநீரில் இந்தக் கம்பியை முக்கினாலும் இதே கதிதான். இளநீர் குடித்தால் கேன்சர் வருமென்று அவன் சொல்லுவானா?

இன்னொரு தந்திரமுமுண்டு. குழாய்த் தண்ணீரில் ஒரு சொட்டு மருந்து விடுவான், மஞ்சளாகும். “பார்த்தீர்களா ரசாயனம்!” என்பான். அது குளோரின் சோதனை. கிருமிகளைக் கொல்லவே நகராட்சி குளோரின் போடுகிறது. குழாய் முனைக்கு வரும்போதும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சமிருக்கவேண்டுமென்பது இந்தியத் தர நிர்ணயம். ஆகவே மஞ்சளானால் சந்தோஷப்படவேண்டும். ஆகாவிட்டால்தான் நகராட்சியைப் போய்க் கேட்கவேண்டும்.

நிற்க, நம் பாலாற்றுத் தண்ணீரில் குற்றமே இல்லையென்று நாம் சொல்ல வரவில்லை. இந்தப் பக்கத்து மக்கள் தண்ணீரைக் கண்டு பயப்படுவது மூடத்தனமல்ல. தோல் கழிவு இந்த மண்ணுக்கு என்ன செய்ததென்பது 1996-ம் வருஷம் ஆகஸ்ட் 28-ல் சுப்ரீம் கோர்ட்டே எழுதிவைத்த விஷயம். வேலூர் குடிமக்கள் நலச் சங்கம் போட்ட வழக்கின் அந்தத் தீர்ப்பில், டேனரிப் பிரதேசத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுவதுமோ பயிருக்கு உதவாமற் போயிற்றென்று கண்டிருக்கிறது. கெடுத்தவனே செலவைக் கொடுக்கவேண்டுமென்றும் அதில் சொல்லப்பட்டது. 2025-ம் வருஷம் ஜனவரியிலும் அதே கோர்ட்டு இதே பாலாற்றுக்காக மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டியதாயிற்று. இந்த நியாயமான பயத்தைத்தான் அவன் பையில் போட்டு வியாபாரம் செய்கிறான்.

ஆனால் உண்மையான கேடு எதையும் அவன் கம்பி காட்டாது. குரோமியம் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. காலராக் கிருமி இருந்தாலும், தாது குறைந்த தண்ணீரானால் தெளிவாகவே காட்டும். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை நல்லது, வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 2,000 வரை பொறுக்கலாம் என்பது சர்க்கார் கணக்கு. இவற்றையெல்லாம் சரியாகச் சோதித்துச் சொல்ல ஆய்வுக்கூடம் வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு அப்படிப்பட்ட ஆய்வுக்கூடங்கள் உண்டு. போர் தண்ணீர் குடிக்கிறவர்கள் அங்கே கொடுத்துப் பார்த்து, அவசியமென்று தெரிந்தால் மிஷின் வாங்கட்டும். கடையில் விலை விசாரித்து, ரசீதோடு வாங்கட்டும். நாம் மிஷினுக்கு விரோதியல்ல.

நமக்கு அதிகமாக வருத்தந்தருவது வேறொன்று. மிஷின் வாங்கினவர் தன் வீட்டுக் கவலை தீர்ந்ததென்று வார்டு கவுன்சிலரிடம் போவதை நிறுத்திவிடுகிறார். வாங்க முடியாத பக்கத்து வீட்டுக்காரர் தனியாகப் போய் நின்றால் அவர் பேச்சை யார் கேட்பார்கள்? கெடுத்தவன் கொடுக்கவேண்டிய செலவு, பீடி சுற்றுகிற அம்மாளின் தலையில் மாதத் தவணையாக விழுகிறது. டேனரி முதலாளிக்கும் நகராட்சிக்கும் இதைவிடச் சௌகரியம் வேறு ஏது?

இதே கூட்டத்தின் சகோதரர்கள் இன்னும் சிலருண்டு. கேஸ் கம்பெனி ஆள் என்று வந்து டியூபை மாற்றியே தீரவேண்டுமென்று பணம் கேட்பவன் ஒருவன். வாசலில் நிறுத்திவைத்து உங்கள் ஏஜென்சிக்குப் போன் செய்யுங்கள், பாதிப்பேர் அப்போதே நடையைக் கட்டுவார்கள். கேஸ் கசிந்தால் கூப்பிடவேண்டிய எண் 1906. இன்றிரவு 9.30-க்குக் கரண்டைத் துண்டிப்போமென்று போனில் செய்தி அனுப்புகிறவன் மற்றொருவன். 2022-ல் ஊரெங்கும் இந்தப் புரளிதான். கரண்ட் ஆபீசின் மின்னகம் எண் 94987 94987, அங்கே கேளுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குச் சொல்லுங்கள்.

வீடு தேடி வந்து விற்கிறவர்களுக்கு 2021-ம் வருஷத்து நேரடி விற்பனை விதிகளில் கட்டுப்பாடு இருக்கிறது. அடையாளக் கார்டும், முன்கூட்டிய அனுமதியும் இல்லாமல் வீட்டுக்கு வரக்கூடாது. ஆகையால் “யார் உன்னை வரச்சொன்னது?” என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல, சட்டமே சொல்லுகிற கேள்வி. வீட்டிலிருக்கிற பெரியவர்களுக்கு இதைச் சொல்லிவையுங்கள். அவசரமென்று சொல்லுகிறவனிடம், மகனோ மருமகளோ வந்தபின் சாயங்காலம் வா என்று சொல்லச் சொல்லுங்கள். ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு மூடிவைக்காமல், காகிதங்களோடு 1915 என்ற நுகர்வோர் எண்ணுக்குப் புகார் சொல்லட்டும்.

இந்த பேட்டரியும் ஆணியும் கூட்டம் கலைந்த பிறகும் இங்கேயே இருக்கும். சந்தேகமுள்ள தோழர்கள் தங்கள் வீட்டுத் தண்ணீரைக் கொண்டுவந்து பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கம்பி வியாபாரிகளும் தாராளமாக வரலாம். உப்பு நாம் தருகிறோம். (கைதட்டல்)