பிளாரன்ஸ் என்னும் ஒரு பெயர்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆங்கிலப் பெண்பெயர் ஒன்றைப் பற்றிப் பேசப் புகுவது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். குறளைப் பற்றியும் சிலம்பைப் பற்றியும் பேசவல்ல புலமையாளர் இவ்வவையில் உளர். யாமோ பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, இரயில்வே அலுவலகத்தில் எழுத்தர் பணி செய்து காலங்கழிக்கின்றோம். எம் கையால் நாள்தோறும் எழுதப்படுபவற்றுள் பெரும்பகுதி மக்கட் பெயர்களே. பாஸ் விண்ணப்பமும் குடும்ப விவரத் தாளும் எம் மேசைக்கு வாராத நாளில்லை. ஆதலின் பெயர்களைப் பற்றிச் சில சொல்ல எமக்கும் சிறிது உரிமையுண்டு என்று துணிந்து இங்கு நிற்கின்றோம்.

யாம் சிறுவராய் இருந்தபோது எம் தந்தையார் பணியாற்றிய இரயில்வே குடியிருப்பில் ஆங்கிலோ இந்திய மூதாட்டி ஒருவர் வாழ்ந்தார். அவர் பெயர் பிளாரன்ஸ். கிறிஸ்துமஸ் நாளில் குடியிருப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் தம் கையால் செய்த பலகாரம் தருவார். அவருடைய பேத்தி எம்மோடு விளையாடுவாள். பாட்டியின் பெயரைச் சொல்லி, ‘இது கிழவிகளின் பெயர், இக்காலத்தில் இதை யார் வைப்பார்?’ என்று அவளே நகைப்பாள். யாமும் உடன் நகைத்தோம். அப்பெயர் அம்மூதாட்டியோடு முடிந்துவிடும் என்றே எண்ணினோம். ஆனால் இன்று இங்கிலாந்தில் தொட்டிலிலே கிடக்கும் குழந்தைகளுக்கு அதே பெயரைப் பெற்றோர் விரும்பி இடுகின்றனர் என்று அறிந்தபோது வியந்தோம். போன பெயர் எப்படி மீண்டது? அதனை ஆராயப் புகுந்ததன் பயனே இவ்வுரை.

பிளாரன்ஸ் என்பது இலத்தீன் மொழியிலிருந்து வந்த பெயர். ‘மலர்கின்ற’, ‘செழிக்கின்ற’ என்பது அதன் பொருள். இத்தாலி நாட்டில் ஆர்னோ ஆற்றங்கரையில் உள்ள நகரத்திற்கும் உரோமர் இச்சொல்லின் வழியே புளோரெந்தியா என்று பெயரிட்டனர். அந்நகரமே ஆங்கிலத்தில் பிளாரன்ஸ் என வழங்குகின்றது. இடைக்கால இங்கிலாந்தில் இப்பெயர் பெண்களுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. 1118-ஆம் ஆண்டில் மறைந்த வூஸ்டர் நகரத்துத் துறவி ஒருவரின் பெயர் பிளாரன்ஸ். அயர்லாந்திலும் ஆண்மக்கள் இப்பெயரோடு வாழ்ந்தனர். பின்னர் இங்கிலாந்தில் இது மெல்ல அருகி, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே கேட்கப்பட்டது.

அந்நிலையில்தான் நைட்டிங்கேல் என்னும் செல்வக் குடும்பத்தார் ஐரோப்பாவில் நெடும்பயணம் மேற்கொண்டனர். பயணத்தின் இடையிலேயே அவர்களுக்குப் பெண்மக்கள் இருவர் பிறந்தனர். மூத்தவள் 1819-இல் நேப்பிள்ஸ் நகரில் பிறந்தாள். அவ்விடத்தில் பண்டு கிரேக்கர் அமைத்த குடியிருப்பின் பெயர் பார்த்தனோப்பி. அதனையே குழந்தைக்கு இட்டனர். இளையவள் 1820-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் பிளாரன்ஸ் நகரில் பிறந்தாள். அவளுக்கு அந்நகரின் பெயரையே இட்டனர்.

அன்பர்களே, இவ்விடத்தைச் சற்று ஊன்றி நோக்க வேண்டுகின்றோம். ஒரே தாய் தந்தையர், ஒரே பயணம், பெயரிட்ட முறையும் ஒன்றே. பிறந்த ஊரின் பெயர் இருவருக்கும் அமைந்தது. ஆனால் பார்த்தனோப்பி என்னும் பெயரை இன்று எத்தனை பேர் அறிவர்? பிளாரன்ஸ் என்னும் பெயரோ உலகெங்கும் பரவிற்று. ஒலியின் எளிமை ஒருபுறம் இதற்கு உதவியிருக்கலாம். சார்லஸ் டிக்கன்ஸ் 1846 முதல் 1848 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட ‘டாம்பியும் மகனும்’ என்னும் நாவலிலும் பிளாரன்ஸ் என்னும் நற்குணச் சிறுமி ஒருத்தி வருகின்றாள். எனினும் அப்பெயரை வீடுதோறும் கொண்டு சேர்த்தது ஒரு பெண்ணின் தொண்டே.

1853-இல் கிரிமியப் போர் மூண்டது. போர்க்களத்தில் காயமுற்ற படைவீரர், துருக்கி நாட்டில் ஸ்குட்டாரி என்னும் இடத்திலிருந்த மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். 1854-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நைட்டிங்கேல் அம்மையார் 38 செவிலியரோடு இங்கிலாந்திலிருந்து அங்குப் புறப்பட்டார். ஆங்கே கண்ட காட்சி கொடிது. பட்ட காயத்தினும் தொற்றிய நோயே மிகுதியான வீரரை மாய்த்தது. 1855-இல் அரசு அனுப்பிய சுகாதாரக் குழுவினர் சாக்கடைகளைத் தூய்மை செய்து காற்றோட்டத்தையும் சீர்செய்தனர். அதன் பின்னர் இறப்பு பெரிதும் குறைந்தது. இரவு நேரத்தில் கையில் விளக்கோடு நோயாளிகளின் கட்டில்களினூடே அம்மையார் நடந்த செய்தியைப் பத்திரிகைகள் பரப்பின. 1857-இல் அமெரிக்கப் புலவர் லாங்பெல்லோ அக்காட்சியைப் பாட்டிலே பாடினார்.

விளக்கேந்திய மங்கை என்றே அவரை உலகம் அறியும். ஆனால் அவர் கணக்கிலும் வல்லவர் என்பதை எம்போன்ற எழுத்தர்கள் பெருமையோடு நினைவுகூர வேண்டும். எத்தனை வீரர் எக்காரணத்தால் இறந்தனர் என்பதை மாதவாரியாகத் தொகுத்து, வண்ணப்படமாக வரைந்து ஆட்சியாளர் முன் வைத்தார். 1860-இல் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்குவித்தார். இந்தியாவுக்கு அவர் ஒருமுறையும் வந்ததில்லை. ஆயினும் இந்தியாவில் இருந்த படையினரின் சுகாதாரத்தைப் பற்றி 1859-இல் அமைந்த அரசக் குழுவின் பணியில் பெரும்பங்கு கொண்டு, நம் ஊர்களின் குடிநீரையும் வடிகாலையும் பற்றி இலண்டனில் இருந்தவாறே பல்லாண்டு எழுதிவந்தார். 1910-இல் தம் 90-ஆம் வயதில் மறைந்தார். அவர் பிறந்த மே 12-ஆம் நாளே இன்றும் உலகச் செவிலியர் நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

கிரிமியப் போருக்குப்பின் பிறந்த பெண்மக்கள் பலருக்கு அம்மையாரின் பெயர் சூட்டப்பட்டது. பிளோ, பிளாரி, பிளாஸி என்னும் செல்லப் பெயர்களும் எழுந்தன. அமெரிக்காவில் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெண்குழந்தைகளின் முதல் பத்துப் பெயர்களுள் பிளாரன்ஸ் ஒன்றாக இருந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1904-ஆம் ஆண்டுப் பட்டியலில் மேரி என்னும் பெயருக்கு அடுத்ததாக இது இரண்டாம் இடம் பெற்றிருந்தது. நம் தமிழகத்திற்கும் இப்பெயர் வந்தது. பாளையங்கோட்டையில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செவித்திறன் குன்றிய பிள்ளைகளுக்குக் கல்வி தொடங்கிய ஆங்கிலப் பெண்மணியின் பெயர் பிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன். அவர் பெயராலேயே அப்பள்ளி இன்றும் வழங்குகின்றது. பிள்ளைகளின் கண்களும் கைகளுமே பேசும் அப்பள்ளியின் வாயிலில் இப்பெயர் நிற்பது பொருத்தமே அன்றோ?

இத்துணைப் புகழ்பெற்ற பெயர் பின்னர் ஏன் வாடிற்று? அம்மையாரை உலகம் மறந்துவிடவில்லை. பெயரிலும் குற்றமில்லை. எல்லாரும் வைத்ததே அதற்குக் கேடாயிற்று. 1890-இல் பிளாரன்ஸ் என்றால் தொட்டிற் குழந்தை நினைவுக்கு வரும். 1920-இல் அப்பெயர் இல்லத்தலைவியைக் குறித்தது. 1950-இலோ முதுமகளை நினைவூட்டிற்று. பெயரை உடையார் முதிர, பெயரும் அவரோடு முதிர்ந்ததாகத் தோன்றிற்று. இளம் பெற்றோர் தம் தாயின் பெயரும் அத்தையின் பெயரும் வேண்டாமென்று புதுப்பெயர் தேடினர். திரைப்படமும் அவர்களுக்குப் பெயர் வழங்கத் தொடங்கியது. 1928-இல் பிறந்த ஷெர்லி டெம்பிள் என்னும் குழந்தை நடிகையின் புகழால், 1930-களில் ஷெர்லி என்னும் பெயர் அமெரிக்காவில் வெள்ளம்போலப் பெருகிற்று. பிளாரன்ஸ் பின்னடைந்தது. 1980-களில் அமெரிக்காவின் முதல் ஆயிரம் பெயர்களிலிருந்தே அது மறைந்தது.

மறைந்த பெயர் மீண்டும் தளிர்த்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021-இல் பிறந்த பெண்குழந்தைகளின் பெயர்களுள் பிளாரன்ஸ் எட்டாம் இடத்தைப் பெற்றது. அமெரிக்காவிலும் 2017-இல் முதல் ஆயிரத்துள் மீண்டும் புகுந்தது. காரணம் எளிது. அப்பெயரைக் கிழவியின் பெயரென்று நகைத்த தலைமுறையே முதுமை அடைந்துவிட்டது. இன்றைய இளம் பெற்றோருக்கு அது கொள்ளுப்பாட்டியின் பெயர். தாயின் பெயர் பழகிப்போய்ச் சலிப்புத் தரும். கொள்ளுப்பாட்டியின் பெயரோ புதுமையாய் ஒலிக்கும். மூன்று தலைமுறை உறங்கி ஒரு பெயர் விழிக்கின்றது.

விழிக்க வேண்டுமானால் ஒன்று வேண்டும். உறங்கிய பெயர் எங்கேனும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்நாட்டில் 1837 முதல் பிறப்பும் இறப்பும் அரசப் பதிவேட்டில் ஏறிவருகின்றன. மாதா கோவில் பதிவேடுகள் அதனினும் பழையன. கொள்ளுப்பாட்டியின் பெயரைத் தேடுவார்க்கு அது கிடைக்கின்றது.

இனி நம்மை நோக்குவோம். மகனின் மகனைப் பேரன் என்கின்றோம். பெயரன் என்பதே பேரன் ஆயிற்று. பெயர்த்தியே பேத்தி ஆயினாள். பாட்டன் பாட்டியின் பெயரைத் தாங்குவோர் என்பது பொருள். மூன்றாம் தலைமுறையில் பெயர் மீளும் என்பதை ஆங்கில நாட்டார் தற்செயலாய்க் கண்டனர். நம் முன்னோரோ அதனை உறவுச் சொல்லாகவே அமைத்துவிட்டனர். ஆனால் எம் மேசைக்கு வரும் குடும்ப விவரத் தாள்கள் வேறு கதை சொல்கின்றன. தந்தையின் பெயரில் ஊர்த்தெய்வம் இருக்கும். மகனின் பெயரில் முருகனோ குமரனோ இருப்பான். பேரனின் பெயரைப் படித்தால் அவன் எந்நாட்டான், எம்மொழியான் என்று கூற இயலாது.

பிறரைக் குறை கூற யாம் வரவில்லை. எம் குற்றத்தையே கூறுகின்றோம். எமக்கு மகள் பிறந்தபோது எம் தந்தையார் தம் தாயாரின் பெயரை இடவேண்டும் என்று விரும்பினார். அஃது எம் ஊர் அம்மனின் பெயர். அதனை இங்குச் சொல்லவில்லை. அப்பெயருடைய தாய்மார் இவ்வவையிலேயே இருத்தல் கூடும். ‘இவ்வடநாட்டுப் பள்ளியில் இப்பெயரை யார் ஒழுங்காக உச்சரிப்பார்? உடன்பயிலும் பிள்ளைகள் நகையாரோ?’ என்று கூறி மறுத்தோம். ஈரெழுத்துப் புதுப்பெயர் ஒன்றை இட்டோம். பள்ளியில் சேர்த்தபோது அவள் வகுப்பிலேயே அப்பெயருடைய சிறுமியர் நால்வர் இருந்தனர்.

எம் தந்தையார் எம்மிடம் அதுபற்றி மீண்டும் ஒரு சொல் சொன்னாரில்லை. ஆனால் மாலைதோறும் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாயிற்புறம் உலவும்போது, தம் தாயாரின் பெயராலேயே அவளை மெல்ல அழைப்பார். யாம் அருகே சென்றால் நிறுத்திக்கொள்வார். குழந்தையோ அப்பெயருக்கும் திரும்பிப் பார்க்கக் கற்றிருந்தாள். அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகள் ஆயின. அன்று முதல் எம் இல்லத்தில் அப்பெயரைச் சொல்லி அழைப்பார் எவருமில்லை. எம் பாட்டியார் பிறந்தபோதும் இறந்தபோதும் எவ்வேட்டிலும் பதியப்படவில்லை. அவர் பெயர் வாழ்ந்த கடைசி இடம் எம் தந்தையாரின் நாவே. அதனை அறியாது இருந்தோம்.

இதற்குக் கழுவாய் யாது என்று பலநாள் எண்ணினோம். மகளின் பெயரை இனி மாற்ற இயலாது. அது வேண்டுவதும் இல்லை. அவள் பெயர் அவளுடையது. அதனை அவள் தன் செயலால் விளங்கச் செய்வாளாக. சென்ற பொங்கல் நாளில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, எம் பாட்டன்மார் பாட்டிமார், அவர்தம் பெற்றோர் எனத் தெரிந்த பெயர்களையெல்லாம் எழுதத் தொடங்கினோம். ஊரிலிருக்கும் எம் பெரிய அத்தையாரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டோம். அவர் பதினொரு பெயர்களைச் சொன்னார். அவற்றுள் ஆறு பெயர்களை யாம் முன்பு கேட்டதே இல்லை. எம் மகள் அருகிலிருந்து எழுதினாள். பாட்டியாரின் பெயர் வந்தபோது எழுதுவதை நிறுத்தி, ‘இது தாத்தா என்னைக் கூப்பிட்ட பெயர்’ என்றாள். அவள் அதனை மறக்கவில்லை.

அன்பர்களே, பிறந்த ஊரைவிட்டு ஆயிரம் கல் தொலைவில் வாழ்கின்றோம். நிலமும் வீடும் உடன் வரவில்லை, பெயர்களே வந்தன. குழந்தைக்கு எப்பெயர் இடுவது என்பது பெற்றோரின் விருப்பம். அதில் தலையிட யாம் யார்? ஆனால் இன்றிரவு இல்லம் சென்றதும் ஒன்று செய்யுங்கள். வீட்டில் முதியோர் இருப்பின், அவருடைய பாட்டியின் பெயரைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிளாரன்ஸ் என்னும் பெயர் பதிவேட்டில் காத்திருந்தது, ஆதலின் மீண்டது. நம் கொள்ளுப்பேரர் தேடிவரும் நாளில் நம் முன்னோரின் பெயர்களும் அவர்களுக்காகக் காத்திருக்கட்டும்.