பிரசங்க பீடத்தில் ஒரு அங்கி



தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் நகரத்தில், ஆஸ்ஃபோயல்கோப் என்றொரு ஆலயம். வெள்ளைக்காரர்கள் கூடுகிற, வசதி படைத்த சபை. 1963ஆம் ஆண்டு அதன் போதகர் அப்போஸ்தலர் நடபடிகள் 5ஆம் அதிகாரத்தை எடுத்துப் பேசினார். அதிகாரிகள் வாயை மூடச் சொன்னபோது, கடவுள் பேச்சைக் கேட்பதா, மனிதன் பேச்சைக் கேட்பதா என்று பேதுரு எதிர்த்து நின்ற பகுதி அது. பேசி முடித்தவர் தம் அங்கியைக் கழற்றினார். பிரசங்க பீடத்தின் மேல் போட்டார். இறங்கி வெளியே நடந்துவிட்டார்.

அவர் பேயர்ஸ் நாடே. அப்போது அவருக்கு வயது 48.

அவர் யாருடைய பிள்ளை என்று தெரிந்தால்தான் அந்த அங்கியின் கனம் நமக்குப் புரியும். அவருடைய தகப்பனாரும் போதகர். போயர் போரில் ஆங்கிலேயரை எதிர்த்து நின்றவர். அந்தப் போரில் தளபதியாக இருந்தவரின் பெயரைத்தான் மகனுக்கு வைத்தார். 1918இல், டச்சு வழி வந்த வெள்ளையர்களான ஆப்பிரிக்கானர்களில் ஆண்களுக்காகத் தொடங்கிய புரூடர்பாண்ட் என்ற அமைப்பின் நிறுவனர்களில் அவரும் ஒருவர். அது பிறகு ரகசிய அமைப்பாக மாறி, நாட்டின் ஆட்சியையே உள்ளிருந்து நடத்தியது. மகன் 1940இல் அதில் சேர்ந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். நிறவெறிச் சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்த காலத்தில் அவர் அந்த அணிக்குள்தான் இருந்தார். இதை நான் மறைக்க மாட்டேன். மறைத்தால் அவர் பட்ட பாடு என்னவென்றே நமக்குத் தெரியாமல் போய்விடும்.

அவருடைய திருச்சபைக்கும் ஒரு பழைய கதை உண்டு. 1857இல் கேப் மாகாணத்து சினாடு, அதாவது திருச்சபையின் பேரவை, கூடியது. கறுப்பின விசுவாசிகளோடு ஒரே பந்தியில் அமர மனம் ஒப்பாதவர்களின் பலவீனத்தை முன்னிட்டு, கறுப்பினத்தாருக்குத் தனி ஆராதனை நடத்தலாம் என்று தீர்மானித்தது. தோழர்களே, கவனியுங்கள். பலவீனம் என்று அவர்களே எழுதினார்கள். அந்தப் பலவீனம்தான் நூறு வருடத்தில் வேதத்தின் கட்டளையாகிவிட்டது! பாபேல் கோபுரத்தைக் காட்டி, இனங்களைப் பிரித்து வைத்தது ஆண்டவரே என்று பிரசங்கித்தார்கள்.

நாடேயை மாற்றியது எது? கறுப்பின மக்களின் சபைகளில் ஊழியம் செய்த இளம் வெள்ளைப் போதகர்கள் சிலர் அவரிடம் வந்து மனம் விட்டுப் பேசினார்கள். அவர் நேரில் போய்ப் பார்த்தார். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, விடுதிகளில் நெருக்கியடித்துக் கிடந்த தொழிலாளர்களைப் பார்த்தார். திரும்பி வந்து வேதத்தைத் திறந்தார். நிறவெறிக்கு அதில் இடமே இல்லை.

1960 மார்ச் 21இல் ஷார்ப்வில் என்ற இடத்தில் போராடிய கறுப்பின மக்களைப் போலீஸ் சுட்டு 69 பேர் செத்தார்கள். அந்த டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க்கின் காட்டெஸ்லோவில் திருச்சபைகள் கூடி, நிறவெறியின் அடிப்படைகளைக் கேள்வி கேட்டன. பிரதமர் ஃபெர்வூர்ட் கோபப்பட்டார். நாடேயின் திருச்சபையில் பலர் பின்வாங்கினார்கள். அவர் பின்வாங்கவில்லை. 1963இல் எல்லா நிறத்தாரும் சேர்ந்து இயங்கும் கிறிஸ்தவ நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் இயக்குநராகப் போனால் போதகப் பட்டம் கிடையாது என்றது திருச்சபை. அப்போதுதான் அந்த அங்கி கழன்றது.

1977 அக்டோபரில் அரசாங்கத்தார் அந்த நிறுவனத்தையும் தடை செய்தார்கள், அவரையும் தடை செய்தார்கள். தடை என்றால் சிறை இல்லை. தம் வீட்டிலேயே இருக்கலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒரே ஒருவரோடுதான் பேசலாம். இரண்டு நண்பர்கள் பார்க்க வந்தால், ஒருவர் உள்ளே போய்த் திரும்பி வரும்வரை மற்றவர் வெளியே காத்திருக்க வேண்டும். அவர் சொன்னதை எந்தப் பத்திரிகையும் அச்சிடக் கூடாது. யோசித்துப் பாருங்கள்: வாரந்தோறும் நிறைந்த சபைக்கு முன்னால் நின்று பேசிப் பழகியவர்! ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஏழு வருடம்.

அந்த ஏழு வருடத்துக்குள்தான் அவர் தம் வெள்ளைத் திருச்சபையை விட்டு, அலெக்சாண்ட்ரா என்ற கறுப்பின மக்கள் குடியிருப்பின் சபையில் அங்கத்தினர் ஆனார். தடை நீங்கிய மறு வருடம், 1985இல், டெஸ்மண்ட் டூட்டுவுக்குப் பிறகு தென்னாப்பிரிக்கத் திருச்சபைகள் மன்றத்தின் பொதுச் செயலாளர் பொறுப்பை ஏற்றார்.

2004 செப்டம்பரில், 89 வயதில் கண் மூடினார். அரசு மரியாதையோடு இறுதி ஆராதனை நடந்தது. எங்கே தெரியுமா? அன்று அங்கியைப் போட்டுவிட்டு நடந்தாரே, அதே ஆஸ்ஃபோயல்கோப் ஆலயத்தில். அவருடைய சாம்பலை அலெக்சாண்ட்ராவில் தூவினார்கள்.